பேட்டரி மாற்றியும் கீச்சிடும் புகை அலாரம்: கழற்றி வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நான்கறை மறுவிற்பனை வீடு வாங்கிப் போன வருடம் குடிபுகுந்திருக்கிறீர்கள். முந்தைய உரிமையாளர் மாட்டிவிட்டுப் போன புகை அலாரம் ஒன்று ஹால் சீலிங்கில், சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு அது ‘கீச்’ என்று ஒரு சத்தம் போடுகிறது, நாற்பது விநாடி கழித்து இன்னொன்று. பேட்டரியை இரண்டு தடவை மாற்றியும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலும், காய்ந்த மிளகாய் தாளித்தாலும் முழுச் சத்தத்தில் அலறுகிறது. உங்கள் கணவர் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார். கருவி கெட்டுப்போய்விட்டதா, கழற்றி வைத்தால் சட்டப்படி தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், காது மந்தமான மாமியார். ஆக, அந்தக் கருவியை நம்பி இரவில் நிம்மதியாகத் தூங்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் 22 வருடம் தீ எச்சரிக்கைச் சாதனங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவன். பெரும்பாலும் கடைத்தொகுதிகள், அலுவலகக் கட்டடங்கள், தொழிற்சாலைகள். அங்கே இருப்பது ஒயர் இழுத்த பெரிய அமைப்பு, உங்கள் வீட்டில் இருப்பது தனியாக இயங்கும் சின்னக் கருவி. ஆனால் உள்ளே புகையைக் கண்டுபிடிக்கும் விதம் ஒன்றுதான், கெட்டுப்போகும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று அடித்துச் சொல்ல முடியாது. எந்தெந்தக் காரணங்களை எந்த வரிசையில் பார்த்துக் கழிக்க வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் அந்த இரண்டு சத்தங்களையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். விடாமல் அலறினால் உள்ளே ஏதோ துகள் நுழைந்திருக்கிறது என்று பொருள். அது புகையாக இருக்கலாம், ஆவியாக, தூசியாக, பூச்சியாகக்கூட இருக்கலாம். முப்பது, நாற்பது விநாடிக்கு ஒருமுறை ஒற்றைக் கீச் என்றால் கருவி தன்னைப் பற்றிச் சொல்கிறது: பேட்டரி தீரப் போகிறது, அல்லது உள்ளே ஏதோ சரியில்லை, அல்லது ஆயுள் முடிந்துவிட்டது. பல மாடல்களில் இந்த மூன்றுக்கும் கீச்சின் எண்ணிக்கை வேறுபடும், சிவப்பு விளக்கு மின்னும் விதமும் வேறுபடும். அது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் கருவியின் பின்பக்க ஸ்டிக்கரையோ கையேட்டையோ பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு தொல்லைகளும் சேர்ந்து வந்ததால் இரண்டும் ஒரே கோளாறு என்று தோன்றியிருக்கிறது. எனக்கு அவை தனித்தனிக் காரணங்களாகவே படுகின்றன.

கீச் ஏன் விடியற்காலையில் மட்டும்? இதைப் பலரும் கேட்பார்கள். பேட்டரி குளிர்ந்தால் அது தரும் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கும். நம் ஊரில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் சில பாகைதான், ஆனால் விளிம்பில் நிற்கிற பேட்டரிக்கு அந்தச் சில பாகையே போதும். விடியும் முன்தான் வீடு ஆகக் குளிர்ந்து இருக்கும், அப்போது கீச் தொடங்கும். காலை பத்து மணிக்கு வீடு சூடானதும் நின்றுவிடும், நீங்களும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவீர்கள். மழைக்காலமான டிசம்பர், ஜனவரியில் இது இன்னும் அதிகம். ஏர்கான் ஓடும் அறைக்குள் மாட்டியிருந்தால் வருடம் முழுவதும் இதே கதைதான். இந்தக் கருவிகளுக்குப் பின்பற்றப்படும் ஐரோப்பியத் தரமான இஎன் 14604, பேட்டரி குறைந்தால் குறைந்தது 30 நாளாவது எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் அது அவ்வளவு பிடிவாதமாகக் கத்துகிறது.

சரி, புது பேட்டரி போட்டும் ஏன் நிற்கவில்லை? நான் பார்க்கச் சொல்லும் வரிசை இது. முதலில் பேட்டரியின் வகை. சதுரமான 9 வோல்ட் பேட்டரியில் மலிவானது ஒன்று உண்டு, ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கார்பன்-துத்தநாக வகை, அலாரத்துக்குத் தாங்காது. அல்கலைன் அல்லது லித்தியம் வாங்குங்கள். கருவியின் பின்னால் எந்த வகை என்று எழுதியிருந்தால் அதையே போடுங்கள். மறுபடி சார்ஜ் செய்யும் பேட்டரி வேண்டவே வேண்டாம். அதன் மின்னழுத்தம் தொடக்கத்திலிருந்தே குறைவு. இழுப்பறையில் வருடக்கணக்காகக் கிடந்த ‘புது’ பேட்டரியும் புதிது ஆகாது.

அடுத்தது, பழைய நினைவை அழிப்பது. பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே மிச்ச மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும், சில கருவிகள் அதனாலேயே பழைய எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு சோதனைப் பொத்தானை இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, ‘டக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த முனைகளில் பச்சையாகப் பூத்திருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மூடி சரியாகச் சேராவிட்டாலும் சில கருவிகள் கீச்சிடும்.

இதற்குப் பிறகும் கீச் நிற்காவிட்டால் பின்பக்கத்தில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். என் அனுபவத்தில் மறுவிற்பனை வீட்டுக் கருவிகளில் பாதிச் சிக்கல் இங்கேதான் தீரும். புகை அலாரத்தின் ஆயுள் சுமார் பத்து வருடம். அந்தப் பத்து வருடம் தயாரித்த நாளிலிருந்து, நீங்கள் குடிவந்த நாளிலிருந்து கணக்கில்லை. பேட்டரியைத் திறக்கவே முடியாதபடி மூடி வரும் கருவிகளில் உள்ளே லித்தியம் பேட்டரி பத்து வருடத்துக்கென்றே வைக்கப்பட்டிருக்கும், அது தீர்ந்தால் முழுக் கருவியையும் மாற்ற வேண்டியதுதான். தேதி பத்து வருடத்தைத் தாண்டியிருந்தாலோ, தேதியே அழிந்து போயிருந்தாலோ, அதற்கு மேல் நேரம் செலவழிக்காமல் புதிது வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்க விசித்திரமாக இருக்கும். கீச்சிடுவது அந்தக் கருவிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தச் சத்தம் பொதுவாக 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அவ்வளவு உயர்ந்த சுருதியில் வரும் குட்டிச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மனிதக் காது எளிதில் தடுமாறும், அதிலும் கான்கிரீட் சுவரில் பட்டுத் திரும்பும் வீட்டில். ஒரு தடவை ஒரு குடும்பம் சீலிங்கில் இருந்த கருவியை மூன்று முறை மாற்றியது. கடைசியில் கத்திக்கொண்டிருந்தது அட்டைப்பெட்டிக்குள் கிடந்த பழைய அலாரம். ஒவ்வோர் அறையிலும் நின்று இரண்டு மூன்று கீச் வரும்வரை பொறுமையாகக் கேளுங்கள். இழுப்பறைக்குப் போன பிறகும் உங்கள் வீட்டில் கீச் கேட்கிறது என்றால் இதை முதலில் செய்யுங்கள்.

இனி அந்த அலறல். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி விளங்கிவிடும். இப்போது நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஒளிமின் வகை. உள்ளே இருட்டான சின்ன அறை, அதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விடும் ஒரு விளக்கு, அந்தக் கதிர் நேராகப் படாதபடி ஒரு பக்கமாக வைத்த உணரி. சாதாரணக் காற்றில் உணரிக்கு ஒன்றும் தெரியாது. புகைத் துகள் நுழைந்தால் கதிர் அதில் பட்டுச் சிதறும், சிதறிய ஒளி உணரியில் பட்டதும் கருவி அலறும். கருவிக்குத் தெரிவது இவ்வளவுதான். சாம்பிராணிப் புகையா, மெத்தை கருகும் புகையா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாம்பிராணிப் புகை அடர்த்தியானது, இந்த உணரிக்குப் பளிச்சென்று தெரிவது. ஆகவே வெள்ளிக்கிழமை அது அலறினால் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். குளியலறைக் கதவைத் திறந்ததும் வரும் வெந்நீர் ஆவி, கீழ்த்தளத்தில் கொசுவுக்கு அடிக்கும் புகை ஜன்னல் வழியாக நுழைவது எல்லாம் இதே கணக்கு. டெங்கிக் காலத்தில் புகை அடிக்கப் போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

தூசி சேர்ந்தால் நிலைமை மோசமாகும். அந்த இருட்டறையின் சுவரில் படியும் தூசி எப்போதும் கொஞ்சம் ஒளியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அப்போது அலறுவதற்குக் கொஞ்சம் புகை வந்தாலே போதும். முன்பு தாளிப்புக்குப் பேசாமல் இருந்த கருவி இப்போது அலறுகிறது என்றால் இதுதான் முதல் சந்தேகம். நீங்கள் குடிவரும் முன் ரெனோவேஷன் நடந்ததா? தரை ஓடு உடைத்து, சுவர் தேய்த்து, பெயிண்ட் அடிக்கும்போது சீலிங்கில் இருந்த கருவியை மூடாமல் விட்டிருந்தால் சிமெண்ட் தூசி நிறைய உள்ளே போயிருக்கும். எறும்பு, சின்னச் சிலந்தி, பல்லிக்குட்டி எல்லாம் வலையைத் தாண்டி உள்ளே போனதைப் பார்த்திருக்கிறேன். சுத்தம் செய்வது எளிது. கருவியைக் கழற்றி, வேக்கூம் முனையில் மெல்லிய தூரிகை மாட்டி, சுற்றியிருக்கும் துளைகளில் உள்ள தூசியை மெதுவாக இழுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும், சாம்பிராணியும் தாளிப்பும் தினமும் உள்ள வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஈரத்துணி உள்ளே போகக் கூடாது. பூச்சி மருந்தோ வாசனை ஸ்பிரேயோ அதன் மேல் அடிக்கக் கூடாது. பெயிண்ட் பூசப்பட்ட கருவியைச் சுத்தம் செய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் பெரிய தவறு இடம்தான் என்று நினைக்கிறேன். சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் மாட்டினால் எந்த நல்ல கருவியும் நம் சமையலுக்கு அலறும். அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இன்னும் தள்ளினால் நல்லது. அதே நேரம் சமையலறைக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவில், நீங்கள் தப்பித்து வெளிக்கதவுக்குப் போகும் வழியில் இருக்க வேண்டும். வழக்கமான நான்கறை வீட்டில் ஹாலிலிருந்து படுக்கையறைகளுக்குத் திரும்பும் அந்தச் சின்ன நடைவழியின் சீலிங் நல்ல இடம். சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் முப்பது சென்டிமீட்டராவது விடுங்கள், சீலிங்கும் சுவரும் சேரும் மூலையில் காற்று ஓட்டம் குறைவு, புகை அங்கே தாமதமாகத்தான் வரும். சுற்றும் மின்விசிறியின் இறக்கைக்கும் ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடத்துக்கும் அருகில் வேண்டாம், புகையை அது தள்ளிவிடும். குளியலறை வாசலுக்கு நேர் மேலேயும் வேண்டாம். சமையலறைக்குள் ஏதாவது வைக்க விரும்பினால் அங்கே வெப்ப அலாரம் சரி. அது புகையைப் பார்க்காது, சூடு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு பாகைக்கு ஏறினால்தான் அலறும், தாளிப்புக்கு அசையாது. அதை ஹாலுக்குப் புகை அலாரத்துக்குப் பதிலாக வைக்க வேண்டாம். வெப்பம் ஏறும் முன்பே தூங்குகிறவரைப் புகை மயக்கிவிடும்.

சாம்பிராணிக்கு என்ன செய்வது? பல கருவிகளில் சத்தத்தைத் தற்காலிகமாக அடக்கும் பொத்தான் இருக்கும், பெரும்பாலும் சோதனைப் பொத்தானே அந்த வேலையும் செய்யும். அழுத்தினால் சுமார் பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுத் தானாக வேலைக்குத் திரும்பும். ஜன்னலைத் திறந்து வைத்து, தூபக்காலை அலாரத்துக்கு நேர் கீழே கொண்டுபோகாமல் இருந்தால் அதுவே தேவைப்படாது. பிளாஸ்டிக் உறையால் மூடுவதை மட்டும் செய்ய வேண்டாம். கட்டுமானத்தின்போது தூசி போகாமல் இருக்க உணரிகளுக்கு ஒரு மூடி போடுவோம். ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் ஒப்படைத்துப் பல மாதம் கழித்து நான் சர்வீசுக்குப் போனபோது ஒரு தளம் முழுக்க அந்த மூடிகள் அப்படியே இருந்தன. அங்கே குடியிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றும்போது கை நடுங்கியது. மூடியவர் எடுக்க மறந்துவிடுவார், மற்றவர்கள் கருவி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், மாத முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சோதனை பேட்டரி, மின்சுற்று, சத்தம் மூன்றும் இருக்கிறதா என்று சொல்லும். வெளித்துளைகள் வழியாகப் புகை உள்ளே போகிறதா என்று சொல்லாது. துளைகள் பெயிண்ட்டால் அடைபட்டிருந்தாலும் பொத்தானுக்கு அது நன்றாகவே கத்தும். அதற்காக ஊதுபத்தியைக் கொளுத்தி அடியில் பிடிக்காதீர்கள். அந்தப் பிசின் உள்ளே படிந்து கருவியையே கெடுத்துவிடும், நெருப்பு பிளாஸ்டிக்கை உருக்கும். நாங்கள் இதற்கென்றே விற்கும் சோதனை ஸ்பிரே பயன்படுத்துவோம். வீட்டுக்குப் பொத்தானும் வேக்கூமும் போதும்.

சட்டத்துக்கு வருகிறேன். 2018 ஜூன் 1 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளிலும், தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையிடம் வரைபடம் சமர்ப்பிக்க வேண்டிய தீப்பாதுகாப்பு வேலை நடக்கும் பழைய வீடுகளிலும் இந்தக் கருவி கட்டாயம். உங்கள் வீடு அதற்கு முன்பே கட்டப்பட்டது, அப்படி வேலை எதுவும் நடக்கவில்லை என்றால் கட்டாயம் இல்லை, வைத்துக்கொள்ளும்படி ஊக்குவிக்கிறார்கள். அந்த வகையில் உங்கள் கணவர் கழற்றி வைத்தது சட்டப்படி தப்பில்லை. ஆனால் சட்டம் கேட்கவில்லை என்பதற்காக அதை இழுப்பறையில் விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே வீட்டுத் தீக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அடுப்பைக் கவனிக்காமல் விடுவது. தூங்குகிறவரைப் புகை நாற்றம் எழுப்பும் என்று நம்ப முடியாது, சத்தம் எழுப்பும். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு அசந்துவிட்டார். அலாரம் சத்தத்தை நடைபாதையில் போன பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுத்தான் கதவைத் தட்டினார். பானை கருகியது, பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக உங்கள் மாமியார். எனக்கு இதுதான் அதிகக் கவலை. தரத்தின்படி அலாரம் மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் போட வேண்டும். கதவைச் சாத்தி, ஏர்கான் ஓடி, காதில் கருவி இல்லாமல் படுத்திருப்பவருக்கு அது எவ்வளவு போய்ச் சேரும்? வயதானால் முதலில் குறைவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் திறன், அலாரம் கத்துவதோ அந்தச் சுருதியில்தான். அமெரிக்காவில் ஹோட்டல் போன்ற இடங்களின் படுக்கையறைகளுக்கு 520 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்த சத்தத்தைக் கேட்டு விதியே எழுதியிருக்கிறார்கள், ஆய்வுகளில் அது அதிகம் பேரை எழுப்பியதால். புது அலாரம் வாங்கும்போது ஒன்றுக்கொன்று ரேடியோவில் பேசும் இரண்டு கருவிகளாக வாங்கி ஒன்றை அவர் அறையிலேயே மாட்டுங்கள், ஹாலில் புகை வந்தால் அறையிலும் அலறும். படுக்கையை அதிரவைக்கும் துணைக்கருவி சேர்க்கக்கூடிய மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது.

மாட்டிய பிறகு ஒரு நாள் இரவு, அவரிடம் முன்பே சொல்லிவிட்டு, அவர் கண்ணயர்ந்ததும் கதவைச் சாத்தியபடியே ஹால் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எழவில்லை என்றால் அவரை எழுப்புவது யார், பிள்ளைகளைத் தூக்குவது யார் என்று நீங்களும் உங்கள் கணவரும் அன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். உண்மையில் தீ என்றால் லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டில் இறங்குங்கள், வெளியே போகும்போது பின்னால் கதவைச் சாத்துங்கள், 995-ஐ வெளியே வந்து அழையுங்கள்.

இன்று இரவு இழுப்பறையைத் திறந்து கருவியின் பின்பக்கத்தில் இருக்கும் தயாரிப்புத் தேதியையும் பேட்டரி வகையையும் பாருங்கள். இரண்டையும் இங்கே எழுதினால், மாற்ற வேண்டுமா, சுத்தம் செய்து மாட்டலாமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.